செக் இன்ஜின் லைட் எரிந்தால்: முதலில் படிப்போம், பிறகு மாற்றுவோம்



நம்மில் பலருக்கு முதல் காடி புதுக் காடி இல்லை. அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, கடைசியில் நம் கைக்கு வந்தது. பத்துப் பதினைந்து வயசைத் தாண்டிய மைவி, சாகா, வீரா, வியோஸ் இப்படி ஏதாவது ஒன்று. காலேஜுக்கும் பகுதிநேர வேலைக்கும் அதுதான் துணை. ஒரு நாள் திடீரென்று மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அப்போது நம்மாட்கள் இரண்டு வகை. ஒருவர், "காடி ஓடுதுல்ல, விடுப்பா" என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவார். இன்னொருவர் பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடி, அங்கே சொன்ன சாமானையெல்லாம் மாற்றிவிட்டு, ஒரு மாதச் சம்பளம் போயிற்றே என்று வருவார். மூன்று நாள் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரியும்.

இரண்டு பேருமே ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். விளக்கு ஏன் எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த விளக்கு "இந்த சாமானை மாற்று" என்று ஒருபோதும் சொல்வதில்லை. "நான் இப்படி ஒன்றைப் பார்த்தேன்" என்று மட்டும்தான் சொல்கிறது. பார்த்ததிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிப்பது மனிதன் வேலை. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

1. இந்த விளக்கு எதற்காக வந்தது?

கதை அமெரிக்காவில், கலிபோர்னியாவில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் பல வருஷம் புகைமூட்டம் மூடிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் புகைமூட்டம் காட்டுத் தீயால் வருவது. அங்கே வந்தது வேறு. வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து உண்டானது என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். அதன் பிறகு வாகனப் புகைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆனால் சாலையில் ஓடும் காடி பல வருஷம் கழித்தும் சுத்தமாக ஓடுகிறதா என்று யார் பார்ப்பது? காடியே தன்னைத்தானே சோதித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். கலிபோர்னியாவில் 1988-இல் முதல் தலைமுறை விதி வந்தது. 1996-இல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் காடிகளுக்கும் ஓபிடி-2 என்ற ஒரே முறை கட்டாயமானது. 2001-இல் ஐரோப்பாவின் பெட்ரோல் காடிகளுக்கும் இதே மாதிரி விதி வந்தது. உலகம் முழுக்க விற்கும் கம்பெனிகள் மெல்ல மெல்ல இதே முறைக்கு மாறின.

இந்த வரலாறு ஏன் தேவை? செக் இன்ஜின் லைட் அடிப்படையில் புகையைக் காவல் காக்கும் விளக்கு. அதனால்தான் காடி நன்றாக ஓடும்போதும் அது எரியலாம். இன்ஜின் கொதிக்கும்போது அது எரியாமலும் இருக்கலாம். அந்த விளக்கு எரியவில்லை என்பதால் காடியில் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

2. எந்த விளக்கு, எப்படி எரிகிறது?

முதலில் நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு விளக்கு: எண்ணெய்க் குடுவை படம் அல்லது வெப்பமானி படம் சிவப்பில் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணையுங்கள். "வீடு பக்கம்தானே, ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். இது நம் பாடத்தில் உள்ள விளக்கு இல்லை. ஆனால் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு, நிலையாக எரிகிறது: காடி வழக்கம்போல ஓடினால், வெப்பம் சரியாக இருந்தால், ஓட்டி வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாளில் கோட் படிக்க வேண்டும்.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, காடி உதறுகிறது: இதுதான் அவசரம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. பட்டறை மொழியில் மிஸ்ஃபயர். அந்த எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிஸ்ட்டுக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். வேகத்தைக் குறையுங்கள். மேடு ஏறாதீர்கள். முடிந்தால் நிறுத்தி இழுவை வண்டி கூப்பிடுங்கள். ஐம்பது வெள்ளிப் பழுது ஆயிரம் வெள்ளிப் பழுதாக மாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு சின்ன சோதனை. சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அப்போது செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய காடி வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சாவி போட்டும் அந்த விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் ஏன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

3. கோட் படிப்பது எப்படி?

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரை இசியு என்பார்கள். அது பார்த்த கோளாறை ஒரு குறியீடாக, அதாவது கோட்டாக, நினைவில் வைத்திருக்கும். அதைப் படிக்க ஓட்டுநர் கால் வைக்கும் பகுதிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் 16 ஊசி கொண்ட ஒரு சொருகி இருக்கும். அதில் பொருத்த ஈஎல்எம்327 வகை டாங்கல் ஒன்று போதும். சாதாரண டாங்கல் ஒன்று ஒருமுறை டேங்க் நிரப்பும் செலவுக்குள் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கு புளூடூத் வகை சரி. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை என்று பார்த்து வாங்க வேண்டும். டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் டாங்கலைக் கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் பழைய பேட்ரியை மெதுவாக உறிஞ்சிவிடும்.

எல்லாக் காடியும் பேசாது. 1990-களில் வந்த காடிகள் பலவற்றில் 16 ஊசிச் சொருகி இருந்தாலும் அவை அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழியில்தான் பேசும். சில பழைய காடிகளில் சொருகியின் இரண்டு ஊசிகளை இணைத்தால் செக் இன்ஜின் லைட்டே விட்டுவிட்டு மின்னி எண்ணைச் சொல்லும். ஆனால் எந்த ஊசி என்று அந்தக் காடியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் கம்பி சொருகவே கூடாது. 16-ஆவது ஊசி நேராக பேட்ரியோடு சேர்ந்தது. தப்பான இடத்தில் கம்பி பட்டால் ஃபியூஸ் போகும், சில சமயம் இசியுவே போகும். கார்புரேட்டர் வைத்த பழைய கஞ்சிலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. படிக்க அதில் கோட்டே கிடையாது.

கோட் வந்ததும் முதல் வேலை: எழுதி வையுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். 'கிளியர்' பொத்தானைத் தொடாதீர்கள். கோட்டோடு சேர்த்து 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பதிவும் இருக்கும். விளக்கு எரியக் காரணமான அந்த நொடியில் இன்ஜின் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் வெப்பம் எவ்வளவு, எவ்வளவு பாரம் இழுத்தது என்று அதில் இருக்கும். விபத்து நடந்த இடத்தில் எடுத்த புகைப்படம் மாதிரி. கிளியர் செய்தால் அந்தப் படமும் போய்விடும்.

4. கோட்டின் இலக்கணம்

பி0302 என்று ஒரு கோட் வருகிறது என்று வையுங்கள். அதை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் எழுத்து: பி என்றால் இன்ஜினும் கியரும். சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பகுதி. பி-க்குப் பதில் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து வந்தால் ஏர்பேக் போன்ற உடல் பகுதி. யூ என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சு.

இரண்டாவது இடம்: 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். அதன் அர்த்தத்தை அதே காடிக்கான பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது இடம்: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும். 3 என்றால் தீப்பொறி, மிஸ்ஃபயர். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. 5 என்றால் வேகம், ஐட்லிங். 6 என்றால் கம்ப்யூட்டர். 7, 8 என்றால் கியர்பெட்டி.

கடைசி இரண்டு இடம்: குறிப்பிட்ட கோளாறு.

ஆக பி0302 என்றால் "இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் பார்த்தேன்". பி0300 என்றால் "ஒரே சிலிண்டரில் இல்லை, மாறி மாறிப் பார்த்தேன்". அவ்ளோதான். பிளக் போச்சு என்றோ, காயில் போச்சு என்றோ அதில் இல்லை.

'பெண்டிங்' என்று ஒரு கோட் தெரிந்தால், இசியு அதை ஒரு பயணத்தில் பார்த்துவிட்டு, உறுதி செய்யக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பல கோளாறுகளை அடுத்த பயணத்திலும் பார்த்தால்தான் விளக்கை எரியவிடும். அதேபோல், கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று பயணம் ஓடினால் விளக்கு தானே அணையும். கோட் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும். அதனால் "லைட் தானா அணைஞ்சிருச்சு" என்றாலும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

5. கோட் ஒரு சாட்சிதான்

சாட்சி பார்த்ததைச் சொல்வார். யார் குற்றவாளி என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. மூன்று எடுத்துக்காட்டு பார்ப்போம்.

அ) பி0118, இன்ஜின் வெப்ப சென்சர். செயலியில் நேரடி அளவைப் பார்த்தால் பல காடிகளில் −40 டிகிரி என்று காட்டும். கிள்ளானில் மதியம் இரண்டு மணிக்கு −40! கேமரன் மலையில்கூட அந்தக் குளிர் வராது. அப்போ என்ன நடந்தது? இந்த சென்சருக்குக் குளிர் அதிகமானால் மின்தடை கூடும். கம்பி அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும். இசியு அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொள்கிறது. சென்சர் வாங்குவதற்கு முன்னால் சொருகி கழன்றிருக்கிறதா, ஊசியில் பச்சையாகத் துரு பிடித்திருக்கிறதா, எலி கம்பியைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு முன்னால் பல நாள் நிறுத்தும் காடிகளில் எலி வேலை சாதாரணம். வெள்ளத்தில் நனைந்த காடியில் துரு சாதாரணம்.

ஆ) பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு. இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சரை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். யோசித்துப் பாருங்கள்: பெட்ரோல் குறைவு என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சராக இருக்கலாம். செய்தி கொண்டு வந்தவனை ஏன் தண்டிக்க வேண்டும்? செயலியில் 'ஃபியூயல் டிரிம்' என்ற அளவைப் பாருங்கள். இசியு எவ்வளவு கூடுதல் பெட்ரோல் கொடுத்துச் சமாளிக்கிறது என்று அது சொல்லும். கூட்டியோ குறைத்தோ 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. காற்றை அளக்கும் மாஃப் சென்சர் உள்ள காடியில், ஐட்லிங்கில் இந்த அளவு மிக அதிகமாக இருந்து, 2500 சுற்றுக்கு ஏற்றியதும் குறைந்தால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று களவாக உள்ளே போகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகம் கூட்டும்போது அதிகமானால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படலாம். மாஃப் சென்சர் அழுக்கானாலும் இப்படி வரும். மாஃப் இல்லாமல் காற்றழுத்தத்தை அளக்கும் காடிகளில் காற்றுக் கசிவு பெரும்பாலும் ஐட்லிங் ஏறுவதாகத்தான் தெரியும். காடிக்குக் காடி மாறும், அதனால் உங்கள் காடி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இ) பி0420, கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை. பணத்தை அதிகம் தின்னும் கோட் இதுதான். கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சர், பின்னால் ஒன்று. சாதாரண வகை என்றால் முன் சென்சர் ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்கும். கேட்டலிஸ்ட் நன்றாக இருந்தால் பின் சென்சர் அமைதியாக, பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிற்கும். பின் சென்சரும் முன் சென்சர் மாதிரியே ஆட ஆரம்பித்தால் இசியு இந்தக் கோட்டைப் போடும். ஆனால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும், சென்சரே பழசாகியிருந்தாலும் இதே கோட் வரலாம். கேட்டலிஸ்ட் உண்மையிலேயே போயிருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி: அதைக் கொன்றது எது? மிஸ்ஃபயரா, எண்ணெய் எரிகிறதா? அதைச் சரி செய்யாமல் புதுசு போட்டால் புதுசும் போகும்.

யூடியூப்பில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. "பெட்ரோல் மூடியை இறுக்கு, விளக்கு அணையும்" என்று அமெரிக்க வீடியோக்கள் சொல்லும். அது டேங்க் ஆவிக் கசிவைச் சோதிக்கும் கருவி உள்ள காடிகளுக்குப் பொருந்தும். இங்கே விற்ற பழைய காடிகள் பலவற்றில் அந்தச் சோதனையே கிடையாது. மூடியை இறுக்குவதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

6. கை வைப்பதற்கு முன்

சமமான தரையில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூடிய இடத்தில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இன்ஜின் அணைந்த பிறகும் விசிறி தானே சுற்றலாம், கையைத் தள்ளி வையுங்கள். இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ இழுக்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம் அது. துப்பட்டா, சங்கிலி, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம்.

7. ஒரு முழு எடுத்துக்காட்டு

எங்கள் தாமானில் ஒரு அக்கா. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். 16 வயசான 1.3 லிட்டர், நாலு சிலிண்டர் காடி. மேம்பாலம் ஏறும்போது காடி உதறி, விளக்கு மின்னியது. ஒரு பட்டறையில் கேட்டலிஸ்ட் மாற்ற ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டார்கள். காடி இல்லாவிட்டால் இரவு வேலைக்குப் போக வழியில்லை. பணம் கொடுத்தால் அந்த மாத வாடகைக்குக் கஷ்டம். "தம்பி, ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றார்.

படித்ததில் இரண்டு கோட்: பி0302, பி0420. பட்டறைக்காரர் சொன்னது பொய் இல்லை. கேட்டலிஸ்ட் கோட் உண்மையிலேயே இருந்தது. ஆனால் எது காரணம், எது விளைவு? மிஸ்ஃபயர் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். கேட்டலிஸ்ட் கோளாறு ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் தேடிப் பிடித்துக் கெடுப்பது நடக்காத காரியம். ஆகவே முதலில் பி0302.

ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ன சொன்னது? இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. சுற்று 2000-க்குள், பாரம் மிக அதிகம். அதாவது மேடு ஏறும் நேரம். பாரம் அதிகமானால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், தீப்பொறி தாண்டுவது கஷ்டமாகும். பலவீனமான பிளக்கோ காயிலோ முதலில் தோற்பது அப்போதுதான். சந்தேகம் தீப்பொறிப் பக்கம் போனது.

இந்த இன்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனித்தனி காயில். இன்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, 2-ஆம் காயிலையும் 3-ஆம் காயிலையும் மட்டும் இடம் மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை. கோட்களை முன்பே படம் எடுத்து வைத்திருந்ததால் கிளியர் செய்து, அதே மேம்பாலத்தில் ஓட்டினோம். மறுபடியும் பி0302. காயில் 3-க்குப் போய்விட்டது, கோளாறு 2-லேயே நிற்கிறது. காயில் நிரபராதி.

அடுத்து, 2-ஆம் பிளக்கையும் 4-ஆம் பிளக்கையும் இடம் மாற்றினோம். இந்த முறை வந்தது பி0304. கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு. தீப்பொறி நுனிக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியாக ஓடிப்போயிருக்கிறது.

ஒன்று பழசானால் மற்ற மூன்றுக்கும் அதே வயசுதான். அதனால் நாலையும் மாற்றினோம். செலவு ஐம்பது வெள்ளிக்குள். புது பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும், பிறகுதான் ஸ்பேனர். அலுமினிய இன்ஜின் தலையில் மரை கெட்டால் அது வேறு பெரிய செலவு.

பி0420? அதைக் கிளியர் செய்துவிட்டு மூன்று வாரம் கவனித்தோம். திரும்பி வரவில்லை. வந்திருந்தால் புகைக்குழாய் ஓட்டையையும் பின் சென்சரையும் பார்த்த பிறகுதான் கேட்டலிஸ்ட் பேச்சு.

இதில் முக்கியமானது ஒரே விதி: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். காயிலையும் பிளக்கையும் சேர்த்து ஒரே நேரத்தில் இடம் மாற்றியிருந்தால், கோளாறு நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரிந்திருக்காது. இரண்டும் நகரவில்லை என்றால் அடுத்து இன்ஜெக்டர், பிறகு சிலிண்டர் அழுத்தச் சோதனை. அழுத்தச் சோதனைக்குப் பட்டறைதான் சரி.

8. கிளியர் செய்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்தால் காய்ச்சல் போகாது. பேட்ரி வயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதைதான். கூடவே இசியு இத்தனை நாள் கற்றுவைத்த ஐட்லிங் அளவும் மறந்துபோய், சில நாள் காடி நிலையில்லாமல் நிற்கும்.

கிளியர் செய்த காடியை வேறு ஒரு வழியிலும் கண்டுபிடிக்கலாம். ஓபிடி-2 காடிகளில் 'ரெடினஸ்' என்ற பக்கம் இருக்கும். இசியு தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று அது காட்டும். கிளியர் செய்ததும் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று மாறும், பல விதமாக ஓட்டிய பிறகுதான் முடியும். பழைய காடி வாங்கும்போது விளக்கு இல்லை, ஆனால் ரெடினஸ் பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்றால், சமீபத்தில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்ரி மாற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் கேளுங்கள்.

9. பட்டறையில் எப்படிப் பேசுவது?

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. நல்ல ஃபோர்மேனுக்கு இருபது வருஷக் கை அனுபவம் இருக்கும். நம் டாங்கல் அதற்கு ஈடாகாது. ஆனால் வெறுங்கையோடு போகாமல், கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், எப்போது நடந்தது என்ற குறிப்பு மூன்றையும் கொண்டு போங்கள். மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, இந்த சாமான்தான்னு எப்படிச் சோதிச்சுப் பாத்தீங்க?"

"இதை மாத்தியும் லைட் வந்தா அடுத்து என்ன பாப்பீங்க?"

"கழட்டின பழைய சாமானை நான் பாக்கலாமா?"

நேர்மையான ஃபோர்மேன் கோபப்பட மாட்டார். சோதிக்கும் நேரத்துக்கு அவர் கூலி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். கண்டுபிடிப்பதும் வேலைதான். சோதனைக்குக் கொடுக்கும் கூலி, தேவையில்லாத சாமானுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு.

10. நீங்களே யோசிங்க

கேள்வி 1: நேற்று ஏர் ஃபில்டர் மாற்றினீர்கள். இன்று பி0113, உள்ளே போகும் காற்றின் வெப்பம் −40 என்று காட்டுகிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்?

கேள்வி 2: பி0301, பி0302, பி0303, பி0304 நாலும், கூடவே பி0171-உம் வருகிறது. நாலு காயில் வாங்கலாமா?

கேள்வி 3: நண்பர் வாங்கப் போகும் காடியில் சாவி போட்டதும் எண்ணெய் விளக்கு, பேட்ரி விளக்கு எரிகிறது, செக் இன்ஜின் லைட் மட்டும் எரியவில்லை. விற்பவர், "பாருங்க, ஒரு பிரச்சினையும் இல்ல" என்கிறார். நண்பருக்கு என்ன சொல்வீர்கள்?

விடைகள்:

1: ஃபில்டர் பெட்டிப் பக்கம். வேலை செய்யும்போது சென்சர் சொருகியைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்திருக்கலாம், அல்லது சரியாக உட்காராமல் இருக்கலாம்.

2: வேண்டாம். நாலு காயிலும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். நாலு சிலிண்டருக்கும் பொதுவானது எது என்று தேடுங்கள். பெட்ரோல் குறைவு என்று பி0171-உம் சொல்வதால் பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, மாஃப் சென்சர் முதலில்.

3: அந்த விளக்கு ஏன் எரியவில்லை என்று தெரியும் வரை பணம் கட்ட வேண்டாம். டாங்கல் போட்டுக் கோட்டையும் ரெடினஸையும் படிக்கச் சொல்லுங்கள்.

குழுப் பயிற்சி: உங்கள் கிளையில் யாராவது ஒருவர் டாங்கல் வாங்கினால் எல்லோருக்கும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் வாகன நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவர் காடியையும் படியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் காடியின் வகை, வருஷம், ஓடிய தூரம், கோட், ஃப்ரீஸ் ஃப்ரேம், கண்டுபிடித்த காரணம், ஆன செலவு என்று எழுதி வாருங்கள். பெண் பிள்ளைகளும் கட்டாயம் டாங்கலைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும், ஓரமாக நின்று பார்ப்பது போதாது. ஆறு மாதம் எழுதினால் அந்த நோட்டு உங்கள் கிளையில் பழைய காடி வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும் பயன்படும். யாராவது "லைட் எரியுதுப்பா" என்று வந்தால், முதலில் நோட்டைத் திறங்கள்.